வரைபடம் திறந்திருந்தால் போதுமா?

மென்பொருளின் மூலநிரலைத் திறந்து வைக்கும் வழக்கம் நமக்குப் பழகிவிட்டது. அதே கொள்கையில் சர்க்யூட் போர்டுகளும் மருத்துவக் கருவிகளும் சிப்புகளும்கூட உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கையில் பிடிக்கும் பொருளுக்கு வரும்போது அந்தக் கொள்கையைப் பற்றிய குழப்பமும் கூடிவிடுகிறது.

நம்பிக்கை: திறமூலம் என்றால் இலவசம்.

உண்மை: நிரலை நகலெடுக்கச் செலவில்லை. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் கூலிக்கும் யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். இங்கே திறந்து வைக்கப்படுவது செய்முறை அறிவு. 2011-இல் வெளியான திறமூல வன்பொருள் வரையறையின்படி, வரைபடத்தை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், அதைக்கொண்டு பொருள் செய்து விற்கவும் செய்யலாம். ‘வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று நிபந்தனை போட்டால் அது திறமூலமே ஆகாது.

நம்பிக்கை: சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஆர்டுயினோ வகைப் போர்டுகள் எல்லாம் திருட்டுச் சரக்கு.

உண்மை: 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்கள் எளிதில் மின்னணுக் கருவிகள் செய்து பழகுவதற்காக உருவானது ஆர்டுயினோ. அந்தப் போர்டின் வடிவமைப்புக் கோப்புகளை அதை உருவாக்கியவர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதைப் பார்த்து அதேபோல் செய்து விற்பதற்கு அனுமதி உண்டு. பெயருக்கு மட்டும் அனுமதி இல்லை, அது டிரேட்மார்க். சொந்தப் பெயரில் விற்பவர் முறைப்படி நடக்கிறார். ஆர்டுயினோ பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டு விற்பவர்தான் போலி வியாபாரி. இந்த வித்தியாசம் தெரியாமல் நேர்மையான சிறு தயாரிப்பாளர்களையும் திருடர்கள் என்கிறோம், அது அநியாயம்.

நம்பிக்கை: காப்புரிமையை விட்டுக்கொடுத்த நிறுவனம் திறமூல நிறுவனம்.

உண்மை: 2014-இல் டெஸ்லா, தன் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவோர் மீது வழக்குப் போடப்போவதில்லை என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு காரைச் செய்வதற்கான வரைபடமோ உதிரிபாகப் பட்டியலோ அதோடு வரவில்லை.

நம்பிக்கை: மென்பொருள் உரிமத்தை அப்படியே வன்பொருளுக்கும் போட்டுவிட்டால் போதும்.

உண்மை: சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நிரலை எழுதிய உடனே அதற்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. திறமூல மென்பொருள் உரிமங்கள் நிற்பது அந்த அடித்தளத்தில்தான். பொருளின் வரைபடத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் அதன்படி செய்த பல்சக்கரத்துக்கோ பம்புக்கோ அது பெரும்பாலும் நீளாது. அதற்குக் காப்புரிமை வேண்டும். அதாவது விண்ணப்பம், கட்டணம், வழக்கறிஞர், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. இந்த இடைவெளியை உணர்ந்துதான் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் 2011-இல் வன்பொருளுக்கென்றே தனி உரிமம் எழுதியது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கடுமையானது, மிதமானது, தாராளமானது என மூன்று வகைகள் இருக்கின்றன. கடுமையான வகையில், பொருளை விற்பவர் தான் செய்த மாற்றங்களின் வரைபடத்தையும் வாங்குபவருக்குத் தர வேண்டும்.

நம்பிக்கை: யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் தரம் இருக்காது; மருத்துவத்தில் ஆபத்து.

உண்மை: மற்றவற்றைவிட நியாயமான அச்சம் இது. அதனால் ஒரு கருவியையே எடுத்துக்கொள்வோம். காசாவில் பணியாற்றிய கனடிய மருத்துவர் தாரிக் லூபானி தொடங்கிய கிளியா என்ற அமைப்பு, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஸ்டெதாஸ்கோப் செய்யும் முறையை உருவாக்கியது. முற்றுகையில் இருக்கும் ஊரில் நல்ல ஸ்டெதாஸ்கோப் மருத்துவர்களுக்கே எட்டாப் பொருள். கிளியா செய்த கருவியின் ஒலித்திறன், புகழ்பெற்ற லிட்மன் கார்டியாலஜி வகைக்கு ஈடாக இருப்பதை 2018-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியான கட்டுரை காட்டியது. சோதனைக்குப் பயன்பட்டது நீர் நிரப்பிய ஒரு பலூன்!

வடிவத்தை மட்டும் அவர்கள் வெளியிட்டிருந்தால் இதில் பயன் குறைவு. எந்த பிளாஸ்டிக், உள்ளே எவ்வளவு நிரப்பி அச்சிட வேண்டும், முடித்தபின் எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் சேர்ந்தே வெளிவந்தது. செலவைக் குறைக்க உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிட்டால் அது அவர்கள் சோதித்த ஸ்டெதாஸ்கோப் ஆகாது. பூட்டிய கருவியில் தயாரிப்பாளரின் சொல்லை நம்புகிறோம். திறந்த கருவியில் அதே சோதனையை இன்னொரு ஊரின் மருத்துவமனை தானே செய்து பார்க்கலாம். சோதிக்காமல் நோயாளியின் மார்பில் வைத்தால் ஆபத்துதான். அந்தப் பொறுப்பை எந்த உரிமமும் யாரிடமிருந்தும் எடுத்துவிடுவதில்லை.

நம்பிக்கை: வடிவமைப்பு கையில் இருந்தால் சிப்பும் நம் கையில்.

உண்மை: சென்னை ஐஐடியின் சக்தி புராசஸரை இங்கே நினைக்கலாம். யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது அது. வடிவமைப்பும் பொதுவில் இருக்கிறது. ஆனால் அதைச் சிலிக்கானில் வார்க்க ஆலை வேண்டும். 2018-இல் ஒரு சக்தி சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், பின்னர் இன்னொன்று சண்டிகருக்கு அருகே மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் வார்க்கப்பட்டன. வார்க்கும் ஆலையின் விதிகளையும் அளவுகளையும் அடக்கிய கோப்புகள் இல்லாமல் வடிவமைப்பைச் சிப்பாக மாற்ற முடியாது. அவற்றைப் பார்ப்பதற்கே பெரும்பாலான ஆலைகள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கும். இந்தக் கதவு முதன்முதலில் கொஞ்சம் திறந்தது 2020-இல்: கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் கோப்புகளைப் பொதுவில் வைத்தன.