குப்புறப் படுத்தால் மூச்சு வருமா?

"குப்புறப் படுக்காதே. நெஞ்சை அடைக்கும்."

வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். ஆனால் 2021 ஏப்ரலில் நம் அரசே நோயாளிகளைக் குப்புறப் படுக்கச் சொன்னது. ஏன்?

அது கொரோனாவின் இரண்டாம் அலை. டெல்லியிலும் பல ஊர்களிலும் மருத்துவமனையில் படுக்கை இல்லை. ஆக்சிஜன் சிலிண்டருக்காக மக்கள் அலைந்தார்கள். வீட்டில் மூச்சு வாங்கிக் கிடந்தவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழி சொன்னது. விரலில் மாட்டும் சிறு கருவி ஆக்சிஜன் அளவைக் காட்டும். அது 94-க்குக் கீழே போனால் குப்புறப் படுங்கள் என்றது.

நம் நுரையீரலில் முதுகுப் பக்கம்தான் பெரியது. மல்லாந்து படுத்தால் இதயமும் வயிறும் அதை அழுத்தும். அங்கே ரத்தம் ஓடும். ஆனால் காற்று சரியாகப் போகாது. குப்புறப் படுத்தால் அழுத்தம் குறையும். காற்று உள்ளே போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும்.

எப்படிப் படுப்பது? கழுத்துக்கு அடியில் ஒரு தலையணை. மார்பு முதல் தொடை வரை ஒன்றோ இரண்டோ. முழங்காலுக்குக் கீழே இரண்டு. இத்தனை தலையணை எந்த வீட்டில் இருக்கிறது? போர்வையைச் சுருட்டி வைத்தாலும் போதும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் படுக்கலாம். பிறகு பக்கவாட்டில் படுக்கலாம். சாய்ந்து உட்காரலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகும் வரை குப்புறப் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் செய்யக் கூடாது. கடுமையான இதய நோய் உள்ளவர்கள் செய்யக் கூடாது. முதுகு, இடுப்பு, தொடை எலும்பு முறிந்தவர்களும் கூடாது.

இப்படிப் படுத்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று பொருள் அல்ல. போய்ச் சேரும் வரை இது உதவும். அவ்வளவுதான்.

காய்ச்சல் போன பிறகும் பலருக்குத் தொல்லை தீரவில்லை. பல நாள் படுத்துக் கிடந்தால் தசை மெலியும். கால் நடுங்கும். குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்கும். இங்கேதான் பிசியோதெரபி உதவியது. இது மருந்து இல்லாமல் பயிற்சியால் செய்யும் மருத்துவம். முதலில் படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். அடுத்து உட்காரப் பழகுவது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. அதன் பின் சில அடி நடப்பது.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுப்பார்கள். பலர் அதை பலூன் போல ஊதுகிறார்கள். அது தவறு. குழாயை வாயில் வைத்து மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். அப்போதுதான் பந்து மேலே எழும்.

"வேர்க்க வேர்க்கச் செய்தால் சீக்கிரம் குணமாகும்" என்று சிலர் சொன்னார்கள். கேட்காதீர்கள். இன்று பயிற்சி செய்து நாளை எழ முடியாமல் போனால், செய்தது அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் போங்கள்.

பேசுவோம்:

உங்கள் தெருவில் கொரோனாவுக்குப் பிறகு முன்போல வேலை செய்ய முடியாதவர் உண்டா? அவருக்கு யாராவது பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது? கேட்டு எழுதி வாருங்கள்.