முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இந்த ஆண்டு பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு, பல காலம் திட்ட அலுவலராக இருந்தவன் சொல்வது. காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது இந்தத் திட்டம். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது இதன் முழக்கம். அப்படி நினைத்து வேலை செய்கிறவருக்குத்தான் இதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

1. முதலில் வீட்டாரின் பயத்தைப் போக்குங்கள். கல்லூரியில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி. வாரத்துக்குப் பிரித்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. படிப்பு கெட்டுவிடும் என்று அம்மா கவலைப்பட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

2. கேட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள். பணிக்காகக் கல்லூரி தத்தெடுத்த கிராமத்துக்குப் போனதுமே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், பால் சொசைட்டி வாசலில் இருப்பவர்களிடம் பேசுங்கள். நீங்கள் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்க நினைத்திருப்பீர்கள். ஊருக்கோ தூர்ந்துபோன வாய்க்கால்தான் கவலையாக இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் பாடப்புத்தகத்தில் வராது. பின்னாளில் எந்த வேலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

3. வேலையைத் தெரிந்து செய்யுங்கள். சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டு வந்தால் மறுபடி தழைத்துவிடும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், தடித்த ஷூ போடுங்கள். ஏரிக்கரையில் பனை விதை ஊன்றுவதென்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊன்றிவிடுங்கள். இதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் மாணவராக நில்லுங்கள்.

4. ஏழு நாள் சிறப்பு முகாமைத் தவறவிடாதீர்கள். எல்லாப் பலனுக்கும் தலையாயது அதுதான். பையன்களும் காய் நறுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். கழிப்பறை சுத்தம் செய்வதில் எல்லோருக்கும் முறை வரட்டும். நெருங்கிய நண்பர்களோடு மட்டும் குழு சேராதீர்கள். சாதி, ஊர், வகுப்பு எதுவும் பார்க்காமல் ஒரே பந்தியில் ஏழு நாள் சாப்பிட்டவர்களுக்கு, சக மனிதரை ஒதுக்கி வைக்க மனம் வராது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

5. கூச்சப்படுகிறவர் மைக்கைப் பிடியுங்கள். நன்றாகப் பேசுகிறவர் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த வேலையையே செய்துகொண்டிருந்தால் புதிதாக ஒன்றும் கற்கமாட்டீர்கள். பத்து ரூபாய் செலவானாலும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பொதுப்பணத்தைக் கையாளும் நேர்மை இந்த வயதிலேயே பழகவேண்டியது.

6. ரத்ததான முகாமில் உடம்பின் கணக்கைப் பாருங்கள். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பினால் வருந்தாதீர்கள். பெயர் பதியவும், கொடுத்தவர்களைச் சற்று நேரம் உட்காரவைத்துக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

7. போட்டோவுக்காகக் கன்று நடாதீர்கள். சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று முடிவு செய்துவிட்டுக் குழி தோண்டுங்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். உதவி பெறுகிறவருக்கும் மானம் உண்டு.

8. சான்றிதழ் வாங்கியதோடு நிறுத்திவிடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியதும், நீங்கள் கிராமத்துப் பிள்ளையானால், அக்டோபர் 2 அன்று உங்கள் ஊர் கிராம சபைக்குப் போங்கள். முகாமில் பழகிய மாதிரியே பெரியவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பிறகு எழுந்து, உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.