வி.ஆர். ஹெட்செட்டில் படம் திக்குகிறதா?

மெட்டா குவெஸ்ட் போன்ற ஹெட்செட்டைக் கேபிள் இல்லாமல் கணினியோடு இணைத்து விளையாடும்போது படம் திக்கினால், பெரும்பாலும் கோளாறு வைஃபையில்தான் இருக்கும். கணினியும் வைஃபையிலேயே ஓடுவது முதல் காரணம்: ஒரே அலைவரிசையில் படம் இரண்டு முறை பயணிக்க வேண்டியிருக்கிறது. கணினியை ரூட்டரோடு லேன் கேபிளால் இணைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

ஹெட்செட் நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸில் இல்லாமல் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்க வேண்டும். ரூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், தனித்தனிப் பெயர் வைப்பது நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும். ஆகவே ரூட்டர் விளையாடும் அறையிலேயே, டி.வி.க்குப் பின்னால் மறையாமல், உயரத்தில் இருக்கட்டும்.

அப்படியும் திக்கினால் பிட்ரேட்டைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்காக இன்டர்நெட் பிளானை மாற்றிச் செலவு செய்ய வேண்டாம். கணினியிலிருந்து வரும் படம் வீட்டு ரூட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை.