சங்க அலுவலகத்தில் இணைய மந்தம்

சென்ற மாதம் ஆய்வின் பொருட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். அன்று கூலி நாள். முற்பகலிலேயே வங்கிக்கு அனுப்பவேண்டிய கூலிப் பட்டியல் மாலை நான்கு மணியாகியும் போய்ச் சேரவில்லை. பாவு முடித்துச் சேலைகளை ஒப்படைத்த அங்கத்தினர்கள் திண்ணையில் காத்திருந்தனர். இணையம் மந்தம் என்பதே காரியதரிசியின் விடை. இரட்டிப்புச் சந்தாவில் அதிவேக இணைப்புப் பெறுவதென்று நிர்வாகக் குழுவிற்குத் தீர்மானமும் தயாராயிருந்தது. அதனை ஒரு நாள் ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டோம்.

கடைமடைக்குத் தண்ணீர் வராவிடில் விவசாயி முதலில் மதகைப் போய்ப் பார்க்கிறார். மதகிலேயே தண்ணீர் இல்லையெனில் வாய்க்காலை வெட்டிப் பயனில்லை. அலுவலகத்திற்கு மதகு போன்றது, வெளிக்கம்பி வந்து முடியும் மோடம். மாலை அலுவல் முடிந்தபின் மோடத்திலிருந்து மற்றெல்லாக் கம்பிகளையும் கழற்றி, வைஃபையையும் நிறுத்தி, ஒரே ஒரு கணினியைக் கம்பியால் நேரே இணைத்து வேகத்தை அளந்தோம். ஒப்பந்தம் 100 மெகாபிட், வந்தது 94. ஆகவே குறை வெளியில் இல்லை.

ஒப்பந்தத்தில் எழுதுவது மெகாபிட், கோப்பை அளப்பது மெகாபைட் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்டிற்கு மேல் இறங்காது. இதையறியாது சேவையாளரிடம் சண்டையிட்டோர் உண்டு.

பின்னர்க் கழற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, ஒவ்வொரு முறையும் அளந்தோம். கணினிகள் நான்கையும் பூட்டியபோது பெரிய மாற்றமில்லை. கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியைப் பூட்டியதும் வங்கியின் பக்கம் திறக்காது நின்றுவிட்டது. அப்பெட்டி இரவும் பகலும் படங்களை வெளியிலுள்ள சேமிப்பகத்திற்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பல இணைப்புகளில் ஏறு வேகம் இறங்கு வேகத்தினும் மிகக் குறைவு. அவ்வழி நிரம்பிவிட்டால், வந்ததைப் பெற்றுக்கொண்டோமென்று நமது கணினி அனுப்பும் சிறு விடைகளும் வரிசையில் நிற்கும். விடை காணாத மறுமுனை, அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். ஏறும் வழி அடைபட்டால் இறங்கும் வழியும் மந்தமாவது இதனாலேயே. பதிவை அலுவலகத்திலேயே சேமித்து, வெளியே அனுப்புவதை இரவு நேரத்திற்கு மாற்றினோம்.

கணக்கரின் கணினி மட்டும் அப்பொழுதும் பின்தங்கியது. அதன் கம்பி, நூல் சிப்பங்கள் அடுக்கிய அலமாரியின் காலடியில் நசுங்கிக் கிடந்தது. அக்கம்பியினுள் 8 இழைகள், 4 இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. சில இழைகள் பழுதுற்றாலும் இணைப்பு அறாமல் வேகம் மட்டும் குறைவதுண்டு. பாவில் ஓரிழை அறுந்தாலும் நாடா ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! வேலை நடக்கிறதென்று இரண்டாண்டுகளாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. புதுக் கம்பியைச் சுவரோரம் மேலே கொண்டுசென்றோம்.

வைஃபை சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். அண்டை வீட்டாரின் அலைகளும் குறுக்கிடும். வங்கி வேலைக்குரிய கணினியைக் கம்பியிலேயே வைத்தல் நலம்.

மோடத்திலேயே வேகம் குறைந்திருப்பின், காலை, நண்பகல், மாலை என மூன்று நாள் அளந்து, நேரத்துடன் ஏட்டில் குறித்து, சேவையாளருக்கு எழுத்து மூலம் முறையிடுக. வாய்மொழி முறையீட்டிற்குப் பின்னர்ச் சான்று இராது.

மறுநாள் காலை பத்தேகால் மணிக்குக் கூலிப் பட்டியல் வங்கியைச் சேர்ந்தது. தீர்மானம் கைவிடப்பட்டது. ஆயினும் முதல்நாள் திண்ணையில் காத்திருந்தோரில் இருவர், கைச்செலவிற்குக் கடன் வாங்கிக்கொண்டே வீடு திரும்பியிருந்தனர்.