புகையிரத நிலைய அதிபராக விளங்கிய எங்கள் அப்பப்பா



எங்கள் பாட்டன்மார் என்ன தொழில் செய்தனர் என்று எவரேனும் வினவினால், கமக்காரர், ஆசிரியர், எழுதுவினைஞர் என ஒரு சொல்லில் விடை கூறிவிடுகின்றோம். அத்தொழிலை அவர்கள் எவ்வாறு செய்தனர் என்பதையும் அறியும்போதே அவர்களை அறிந்தவர்களாவோம். காலஞ்சென்ற எமது அப்பப்பாவின் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

வடக்குப் பாதை

இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதை பொல்காவலையிற் பிரிந்து, குருநாகல், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களைக் கடந்து காங்கேசன்துறையைச் சென்றடைகின்றது. 1905 ஆம் ஆண்டில் இப்பாதை முழுமை பெற்றது. 1956 ஆம் ஆண்டில் 'யாழ்தேவி' கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டும் வெங்காயமும், ஆனையிறவு உப்பும், காங்கேசன்துறைச் சீமெந்தும் இவ்வழியே தென்னிலங்கைக்குச் சென்றன. எங்கள் ஊர் முதியோர் புகையிரதத்தைக் 'கோச்சி' என்றே அழைப்பர்.

அப்பப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பாதையிலுள்ள சிறு நிலையங்களிற் கடமையாற்றினார். வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து மேடையில் நிற்பதே நிலைய அதிபரின் வேலை என்று பலர் எண்ணுவர். தடித்த மட்டைச் சீட்டுகளில் திகதி பொறித்து விற்பது, பொதிகளை நிறுத்துப் பதிவது, மண்ணெண்ணெய் விளக்குகள் எரிகின்றனவா எனப் பார்ப்பது ஆகியனவும் அவரது பொறுப்பே. அவற்றுள் தலையாயது வேறொன்று.

ஒற்றைப் பாதையும் ஒரு வில்லையும்

அக்காலத்தில் வடக்கே நெடுந்தூரத்துக்கு ஒரேயொரு தண்டவாளப் பாதையே இருந்தது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதாதிருக்க வழி என்ன? இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரு பொறிகள் இருந்தன. அவற்றினுள்ளே 'டப்லட்' எனப்படும் வட்ட வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலைய அதிபர் மணியொலியால் இசைவு தெரிவித்துத் தமது பொறியை இயக்கினாலன்றி இங்கே வில்லை வெளிவராது. ஒரு வில்லை வெளிவந்துவிட்டால், அதனை ஏதேனும் ஒரு பொறியில் மீண்டும் இடும்வரை இரு பொறிகளும் பூட்டுண்டு கிடக்கும். பெரிய வளையத்திற் கட்டிய பையில் அவ்வில்லையை வைத்துச் சாரதியிடம் கொடுப்பர். அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் வண்டியை நகர்த்தலாகாது.

ஒருமுறை வண்டி தாமதித்து நின்றபோது, மரணவீட்டுக்குச் செல்லும் ஒருவர் அப்பப்பாவின் கையைப் பிடித்து, வண்டியை அனுப்புமாறு அழுதாராம். "வில்லை வராமல் வண்டி போகாது, தம்பி. எதிரே வருகிற வண்டியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று கூறி, அவருக்குத் தேநீர் வருவித்துக் கொடுத்தாராம் அப்பப்பா.

கடமையின் விலை

இக்கட்டுப்பாட்டினை அவர் தமக்கும் விதித்துக்கொண்டார். ஒரு மாரிகால இரவில் அவருடைய தாயார் காலமான செய்தி நிலையத் தொலைபேசியிலேயே வந்தது. மழையினால் பதில் அலுவலர் வந்துசேரத் தாமதமாயிற்று. அதுவரையும் தபால் வண்டியையும் பொருள் வண்டிகளையும் அவரே அனுப்பிவைத்தார். ஊருக்கு அவர் வந்தபோது காடாற்றும் முடிந்துவிட்டது. தாயின் முகத்தைக் கடைசியாகக் காணவில்லையே என்ற துயரம் அவரை இறுதிவரை வாட்டியதாக அப்பாச்சி கூறுவார். அவரோ அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பாதை மறைந்ததும் மீண்டதும்

1990 ஆம் ஆண்டில் போரினால் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதையிருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. ஓய்வுபெற்றிருந்த அப்பப்பா மாலை வேளைகளில் அவ்வழியே நடந்து செல்வார். 2007 ஆம் ஆண்டில் அவர் காலமானார். 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அன்று அப்பாச்சி அவருடைய படத்துக்கு மாலையிட்டு, "கோச்சி வந்திட்டுது" என்று சொன்னார்.

பெற்றோர்களே, தொழிலோடு அத்தொழிலின் சொற்களும் மறைகின்றன. அச்சொற்களை அறிந்தவர் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டறியத் துணைசெய்வோமாக.

அருஞ்சொல் விளக்கம்

கடுகதி - மிகுந்த வேகம்
கைகாட்டி - வண்டியை நில், செல் எனக் காட்டும் மரம்
சிலிப்பர் கட்டை - தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை
காடாற்று - உடலை எரித்தபின் சாம்பல் அள்ளும் சடங்கு

பயிற்சி

1. ஒரு வில்லை வெளியே இருக்கும்போது இரண்டாவது வில்லையை ஏன் எடுக்க இயலாது? உமது சொந்த நடையில் விளக்குக.
2. தாயார் காலமான இரவில் அப்பப்பா செய்தது சரியா? வகுப்பில் இரு பக்கமும் நின்று வாதிடுக.
3. உமது பாட்டனாரோ பாட்டியாரோ செய்த தொழிலுக்குரிய பத்துச் சொற்களைக் கேட்டறிந்து, பொருளுடன் எழுதி வருக.