பெயர் மட்டும் மிஞ்சிய ஃபைல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சிதம்பரத்தில் கடை போட்டுவிட்டாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. பழைய லேப்டாப் எஸ்எஸ்டியிலிருந்து டேட்டா எடுக்க ஆள் வந்தால் முதலில் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஸ்க்ரூடிரைவரைத் தொடாதே. "லேப்டாப் ஆன் ஆகலையா, இல்ல ஃபைலை அழிச்சிட்டீங்களா?" என்று கேள். இரண்டும் வேறு வேறு நோய்.

2015 வெள்ளத்தில் கடலூரில் நனைந்து வந்த ஹார்ட் டிஸ்க்குகளில் பழகிய கை என்னுடையது. அதில் அழித்த ஃபைல், மேலே வேறு எதையும் எழுதாதவரை அப்படியே கிடக்கும். அந்த நினைப்பில்தான் ஒரு தடவை தவறினேன். பிச்சாவரம் காட்டில் மூன்று வருடம் எடுத்த அளவுகள் போய்விட்டதென்று ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருந்தாள். சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். ஃபைல் பெயர், தேதி, சைஸ் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "எல்லாம் இருக்கும்மா" என்று போனில் சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் அழுதாள். அப்புறம்தான் ஒரு ஃபைலைத் திறந்தேன். முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யம். அடுத்ததும் அப்படியே. மறுபடி அவளுக்குப் போன் போட எனக்கு அரைநாள் பிடித்தது.

அழித்ததுமே "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. ட்ரிம் என்பது அதுதான். பிறகு அந்த இடத்தைக் கேட்டால் கன்ட்ரோலர் பெரும்பாலும் பூஜ்யத்தைத்தான் நீட்டும். சும்மா இருக்கும் நேரத்தில் சிப்பையும் துடைத்துவிடும். பெயர்ப் பட்டியல் வேறு இடத்தில் இருப்பதால் அது மட்டும் தங்குகிறது. திறந்து பார்க்காத ஃபைலுக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. ஒன்று மட்டும் விசாரி: யூஎஸ்பி கேசிங்கில் மாட்டியிருந்தபோது அழித்தார்களா? பல கேசிங்குகள் ட்ரிம்மைக் கடத்துவதில்லை. அங்கே நம்பிக்கை உண்டு.

லேப்டாப் மட்டும் செத்திருந்தால் வேலை சுலபம். எஸ்எஸ்டியைக் கழற்றி அதன் தங்க நிறக் கால்களைப் பார். ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. அதற்கேற்ற கேசிங்கை எடு. முதலில் வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்துவிட்டு, நகலில் கைவை. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் உன்னால் ஒன்றும் ஆகாது. அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் தேடச் சொல்.

பரணில் வருடக்கணக்கில் கிடந்த லேப்டாப் என்றால் தாமதிக்காதே. எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருடம் தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பு வைத்த அளவுகோல். நம்மூர்க் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு கொதிக்கும் என்று உனக்கே தெரியும்.

உன் ஊர்க் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததையும், எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததையும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அவசரப்பட்டுக் கடப்பாரையைப் போட்டிருந்தால் மிஞ்சியதும் தூளாகியிருக்கும். நகல் எடுக்கும் முன் ரிப்பேர் சாஃப்ட்வேரை ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணெய்தான் ஞாபகம் வருகிறது.

டிஸ்க்கில் இல்லை என்று முடிவாகிவிட்டாலும், மெயிலில் யாருக்காவது அனுப்பினீர்களா, வாட்ஸ்அப்பில் போட்டீர்களா என்று கேட்காமல் ஆளை அனுப்பாதே. அந்தப் பெண் தன் கைடுக்கு அனுப்பிய பழைய மெயில்களில் இரண்டு வருட அளவுகள் கிடைத்தன. மூன்றாவது வருடத்துக்காக அவள் பிச்சாவரத்தில் மறுபடி படகு ஏறினாள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உன் அண்ணன்