ஆபத்து யாருக்கு, எப்போது?

அன்புத் தங்கைக்கு,

தம்போய் பெர்மாய் மருத்துவமனையின் ஃபோரன்சிக் வார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி அங்கே இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டவள் நான்.

உன் கையெழுத்துக்கு எவ்வளவு கனம் என்பதை முதலில் தெரிந்துகொள். நீதிமன்றத்தில் ஒருவருடைய மனநிலை குறித்துச் சந்தேகம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி அவரைக் கண்காணிப்புக்கு அனுப்புவார்கள். மனநோயால் செய்தது என்று விடுதலை கிடைத்தாலும் அவர் நேரே வீட்டுக்குப் போக முடியாது. 348ஆம் பிரிவு அவரைக் காவலிலேயே வைக்கும். மலாக்காவில் நடந்த வழக்கு என்றால் ஆளுநர் ஆணைக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டு என்ற கணக்கு கிடையாது. போகிற போக்கில் நீ எழுதும் ‘ஆபத்தானவர்’ என்ற ஒரு சொல் அவர் வாழ்நாளில் பாதியைத் தின்றுவிடலாம். அசட்டையாக விட்டாலோ, அடிபடுவது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

1966இல் அமெரிக்காவில் பேக்ஸ்ட்ரம் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, அபாயமானவர்கள் என்று பூட்டி வைத்திருந்த 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பயந்தபடி எதுவும் செய்யவில்லை. வெறும் உள்ளுணர்வு எவ்வளவு தவறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எச்சிஆர்-20 போன்ற வன்முறை ஆபத்து மதிப்பீட்டு முறைகள் பின்னால் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2013இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் கடந்த காலம் பற்றி 10 கேள்விகள், இன்றைய நிலை பற்றி 5, இனி வாழப்போகும் சூழல் பற்றி 5. பலர் முதல் பத்தைக் கோப்பைப் பார்த்துக் கவனமாக நிரப்பிவிட்டுக் கடைசி ஐந்தை அவசரமாக முடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கடந்த காலத்தை யாரும் மாற்ற முடியாது. நம்மால் அதிகம் செய்ய முடிவது அந்தக் கடைசி ஐந்தில்தான்.

அதற்கு நோயாளி திரும்பிப் போகும் வீட்டைப் பார்க்க வேண்டும். லயத்து வீடோ, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு குடியேறிய தாமான் குடியிருப்பு வீடோ, போய்ப் பார். சம்சு சாராயம் எங்கே கிடைக்கிறது, மனநோய்க்கான ஊசி போட டவுன் கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவார்கள், செம்பனைக் குலை வெட்டும் கத்தி எங்கே இருக்கிறது? அவருடைய தாயைத் தனியாக உட்காரவைத்துப் பேசு. “தங்கமான பிள்ளைம்மா, யார் வம்புக்கும் போகமாட்டான்” என்பார். அதோடு எழுந்து வந்துவிடாதே. “ராத்திரி எந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுப்பீங்க, அம்மா?” என்று கேள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, கத்தியை எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதைச் சொல்வார்.

முனீஸ்வரர் தன்னிடம் பேசுகிறார் என்று அந்தப் பிள்ளை சொன்னால் உடனே நோய்க்குறி என்று குறித்துவிடாதே; பக்தி என்று தள்ளியும் விடாதே. சாமி என்ன சொன்னது, கேட்காவிட்டால் என்ன ஆகும், யாரைக் குறித்துச் சொன்னது என்று விசாரி. “அத்தை சோத்துல மருந்து வெச்சிட்டா” என்று பெயர் சொல்லி, வீட்டுச் சாப்பாட்டையே ஒதுக்கத் தொடங்கிவிட்டானா? நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

அறிக்கையில் ‘உயர் ஆபத்து’ என்று எழுதி நிறுத்தாதே. ஊசியை விட்டு, சம்சு குடிக்கத் தொடங்கி, அத்தை சமைத்ததைத் தொட மறுத்தால் முதல் ஆபத்து அத்தைக்கு என்று எழுது. அன்றே யார் யாரை அழைக்க வேண்டும், அதுவரை அத்தை எங்கே தங்க வேண்டும் என்பதையும் சேர். அந்தப் பகுதியை மலாயில் ஒரு பக்கமாக எடுத்து, ஊசி போடும் கிளினிக் தாதியிடம் நீயே நேரில் கொடு.

அன்புடன்,
அக்கா